மிளகாயை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக இரண்டு வழி: விதையும் செடியும்

சந்தையில் வாங்கிய பச்சை மிளகாயில் ஒன்று பழுத்துவிட்டது என்று விதையை எடுத்துத் தொட்டியில் போட்டால் நாற்று வருகிறது, காயும் வருகிறது. ஆனால் வாங்கிய காயின் நீளமும் இல்லை, காரமும் இல்லை. ஏன்? டொரொன்டோவிலும் லண்டனிலும் மிளகாய் வளர்க்கும் தமிழர்களுக்கு இருப்பது வேறு கேள்வி. செப்டம்பர் வரை பூவும் பிஞ்சுமாக நின்ற செடி அக்டோபரில் ஒரே இரவில் கருகித் தொங்கிவிடுகிறது. அதை வீட்டுக்குள் வைத்துப் பிழைக்க வைக்க முடியாதா?

இரண்டுக்கும் விடை தேடினால் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான். விதை, செடியின் நகல் கிடையாது. செடியை அப்படியே வைத்திருந்தால் மட்டும்தான் அதே குணம் மாறாமல் நிற்கும். எந்த மிளகாய்க்கு எந்த வழி என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## ஓராண்டுப் பயிர் என்று பெயர், ஆயுள் அப்படி இல்லை

நாம் சமைக்கும் மிளகாயில் பெரும்பாலானவையும் குடைமிளகாயும் காப்சிகம் ஆனுவம் என்ற ஒரே இனம். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். ஆனுவம் என்றால் ஓராண்டுக்குரியது. ஐரோப்பாவில் குளிர் வந்ததும் செத்துப்போகும் செடியைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மிளகாய் பிறந்த அமெரிக்க வெப்பப் பகுதிகளில் அது பல ஆண்டு நிற்கும் குறுஞ்செடி. போர்த்துகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பிறகும் அந்தக் குணம் போய்விடவில்லை. கன்னியாகுமரிப் பக்கம் வீட்டுப் பின்புறத்தில் நிற்கும் காந்தாரியை யாரும் வருடா வருடம் நடுவதில்லை. தண்டு மரமாகி மூன்று நான்கு வருடம் காய்த்துக்கொண்டே இருக்கும்.

வயலில் ஒரு பருவத்தோடு பிடுங்கிப் போடுவதற்குக் காரணம் வேறு: தண்ணீர் தீர்ந்துவிடும், நோய் ஏறிவிடும், காய் சிறுத்து விலை போகாது. இவை எதுவும் செடியின் ஆயுளைச் சொல்பவை இல்லை.

வீட்டுக்கு வளர்க்கும் மிளகாயில் ஐந்து இனங்கள் உண்டு. ஆனுவத்தில் சம்பா, குண்டு, பஜ்ஜி மிளகாய், குடைமிளகாய் எல்லாம் அடங்கும். ஃப்ரூட்டசென்ஸ் என்பது காந்தாரி வகை. சைனென்ஸ் என்பது ஹபனேரோ, இலங்கையின் நய் மிரிஸ் போன்ற கடுங்கார வகை. பக்காட்டம், தென் அமெரிக்க வகை. ஐந்தாவது பூபசென்ஸ்: கறுப்பு விதையும் ஊதாப் பூவும் உள்ள மலை மிளகாய். கடைசி நான்கும் பல வருடம் நிற்பதில் ஆனுவத்தைவிடக் கெட்டி. ஆனுவத்திலும் சின்னக் காய் வகைகள் தாக்குப் பிடிக்கும். குடைமிளகாய் மட்டும் சுணங்கும்.

## விதைக்குள் என்ன இருக்கிறது

மிளகாய்ப் பூ ஒவ்வொன்றிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. காற்றில் ஆடினாலே தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழுந்து காய் பிடித்துவிடும். அதனால் "தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர், கலக்காது" என்று பலர் நினைக்கிறார்கள். தேனீயும் எறும்பும் இலைப்பேனும் அப்படி நினைப்பதில்லை. பக்கத்தில் வேறு மிளகாய் பூத்திருந்தால் கணிசமாகக் கலந்துவிடும். இந்திய விதைச் சான்று விதிகள் மிளகாய்க்குக் கேட்கும் இடைவெளியைப் பார்த்தால் இது புரியும்: ஆதார விதைக்கு (சான்று விதையைப் பெருக்க உதவும் முந்தைய தலைமுறை விதை) 400 மீட்டர், விவசாயிக்குப் போகும் சான்று விதைக்கு 200 மீட்டர். மாடித் தோட்டத்தில் நான்கு தொட்டிக்கு நடுவே அந்த இடைவெளிக்கு எங்கே போவது?

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். குடைமிளகாய் பக்கத்தில் கார மிளகாயை வைத்தால் குடைமிளகாய் காரமாகிவிடும் என்பார்கள். அந்த வருடம் ஆகாது. காரத்தைத் தரும் கேப்சைசின் உருவாவது காயின் நடுவே விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில். அந்தத் தண்டும் காயின் சதையும் தாய்ச் செடியின் உடம்பு; வெளியிலிருந்து வந்த மகரந்தத்துக்கு அதில் பங்கில்லை. மகரந்தத்தின் பங்கு விதைக்குள் இருக்கும் கருவில்தான். ஆகவே கலப்பு நடந்தது தெரிவது, அந்த விதையைப் போட்டு அடுத்த செடி காய்க்கும்போதுதான். காரம் உண்டா இல்லையா என்பதைப் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது. காரம் ஓங்கு குணம், அதாவது அந்த மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும். எனவே குடைமிளகாய் விதையில் கார மகரந்தம் கலந்திருந்தால் அதில் வரும் செடியின் காய்கள் காரமாகத்தான் இருக்கும். அந்தச் செடியிலிருந்து விதை எடுத்துப் போட்டால், சராசரியாக நான்கு செடியில் மூன்று காரம், ஒன்று காரமில்லாதது.

(கேப்சைசின் தண்டில் இருக்கிறது என்றால் விதை கடித்தால் ஏன் எரிகிறது? தண்டில் உரசி ஒட்டிக்கொண்டதுதான்.)

### ரகம், ஹைப்ரிட்: எங்கே வேறுபாடு

சந்தைப் பச்சை மிளகாய் ஏமாற்றியதற்குக் காரணம் தேனீகூட இல்லை. இப்போது கடைக்கு வரும் பச்சை மிளகாயிலும் குடைமிளகாயிலும் பெரும்பகுதி எஃப்1 ஹைப்ரிட். தலைமுறை தலைமுறையாகக் குணம் மாறாத இரண்டு வேறு வேறு தூய வரிசைகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை அது. வயல் முழுக்க ஒரே அச்சாகக் காய்க்கும். ஆனால் ஒவ்வொரு செடிக்குள்ளும் தாயின் பிரதி ஒன்று, தந்தையின் பிரதி ஒன்று என்று மாறுபட்ட மரபணு இணைகள் இருக்கும். அதிலிருந்து விதை எடுத்தால் இணைகள் பிரிந்து மறுபடி சேரும்.

கணக்காகச் சொன்னால்: அப்படி மாறுபட்ட இணைகள் 10 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு இணையும் எஃப்1 போலவே அமைய வாய்ப்பு இரண்டில் ஒன்று. பத்தும் அப்படியே அமைய வாய்ப்பு 1,024-இல் ஒன்று. உண்மையில் மாறுபடும் இணைகள் பத்துக்கும் அதிகம். நாம் போடுவதோ ஆறு விதை.

கலப்பில் பிறந்ததுதான் குற்றம் என்று இதற்கு அர்த்தமில்லை. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே 2, பரமக்குடியின் பி.எம்.கே 1 ஆகியவையும் கலப்பில் பிறந்தவைதான். பி.எம்.கே 1-இன் பெற்றோரில் ஒன்று ராமநாதபுரம் குண்டு. பல தலைமுறை தேர்ந்தெடுத்து, குணம் நிலைத்த பிறகு ரகமாக வெளியிட்டார்கள். அதனால் அவற்றின் விதை தாயைப் போலவே வரும். ஹைப்ரிட்டை வீட்டில் அப்படி நிலைப்படுத்த 6 முதல் 8 தலைமுறை ஆகும். பொழுதுபோக்காகச் செய்யலாம், குழம்புக்கு நம்பி இருக்க முடியாது.

முடிவு இப்படி:

1. நாட்டு ரகம், குணம் நிலைத்த ரகம் (ராமநாதபுரம் குண்டு, சம்பா, காந்தாரி, கே 1 போன்றவை): விதை எடுக்கலாம், கலக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.
2. பொட்டலத்தில் எஃப்1, ஹைப்ரிட், கலப்பினம் என்று போட்டது: விதை எடுப்பதில் பயனில்லை, பிடித்திருந்தால் செடியையே வைத்திருங்கள்.
3. எது என்றே தெரியாத கடைக்காய்: ஹைப்ரிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகையில் கவாத்து செய்து வெட்டிய கிளையை வேர் பிடிக்க வைப்பதும் ஒரு வழி. பூவில்லாத, 10 செ.மீ. நீளமுள்ள இளங்கிளையை ஈரமான தேங்காய் நார்க்கழிவில் நட்டு, மேலே பாலிதீன் உறை கவிழ்த்து நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். எல்லாக் கிளையும் பிடிக்காது, ஐந்தாறு வையுங்கள்.

## விதை எடுக்கும் முறை

1. காயைத் தேடாதீர்கள், செடியைத் தேடுங்கள். பெரிய காய் ஒன்றைப் பார்த்து விதை எடுப்பது வழக்கமான பிழை. காயின் அளவில் தண்ணீருக்கும் உரத்துக்கும் பங்குண்டு. செடி முழுவதும் ஒரே மாதிரிக் காய்க்கிறதா, இலை சுருளாமல் தேமல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்து ஒரு துணித்துண்டைக் கட்டி வையுங்கள். ஒரு செடி போதும். ஆனால் நாட்டு ரகத்தின் உள்வேறுபாடுகள் குறுகிவிடாமல் இருக்க ஐந்து முதல் பத்து செடியிலிருந்து எடுத்துக் கலப்பது நல்லது.

2. மொட்டிலேயே மூடுங்கள். பூ விரிந்த பின் மூடினால் தேனீ வந்துபோயிருக்கும். மறுநாள் விரியப்போகும், வெளுத்து உப்பிய மொட்டுகள் நான்கைந்து உள்ள கிளை நுனியில் கொசுவலைத் துணிப்பை ஒன்றைப் போட்டுச் சுருக்குங்கள். ஏற்கெனவே விரிந்த பூவும் பிடித்த பிஞ்சும் அந்தக் கிளையில் இருந்தால் முதலில் கிள்ளிவிட வேண்டும். காலையில் ஒருமுறை கிளையை விரலால் தட்டினால் மகரந்தம் உதிரும். உள்ளே பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். நூல் கட்ட மறந்தால் இரண்டு மாதம் கழித்து எது மூடிய காய் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் பை வேண்டாம். உள்ளே சூடேறிப் பூ கொட்டும்.

3. பழுத்த பின்னும் பொறுங்கள். பச்சைக் காயின் விதை முற்றியிருக்காது. பூத்ததிலிருந்து ஏறக்குறைய 50 முதல் 60 நாள் ஆகும். முழுச்சிவப்பு ஆன பின் செடியிலேயே ஒரு வாரம் விட்டு, தோல் லேசாகச் சுருங்கியதும் பறித்து, நிழலில் இன்னும் நான்கைந்து நாள் வையுங்கள். காயைவிட்டு எடுக்கும்வரை விதை முற்றிக்கொண்டே இருக்கும். கறுப்பு வட்டம் விழுந்த பழம் வேண்டாம். அது பழ அழுகல் நோய். பூசணம் விதையோடு சேர்ந்து அடுத்த நாற்றங்காலுக்குப் போகும்.

4. கையுறை போட்டுப் பிளக்கவும். நீளவாக்கில் கீறி, தண்டிலிருந்து விதையைக் கத்தியின் மொட்டை முனையால் தள்ளினால் போதும். தக்காளி விதையைப் போலப் புளிக்க வைக்கத் தேவையில்லை. அதில் உள்ள வழவழப்புச் சதை இதில் கிடையாது. பழுப்பும் கறுப்புமான விதையை அப்போதே ஒதுக்குங்கள் (மலை மிளகாயின் விதை இயல்பிலேயே கறுப்பு, அதைத் தவிர). கை எரிந்தால் வெறும் தண்ணீர் உதவாது, கேப்சைசின் எண்ணெயில்தான் கரையும். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள்.

5. நிழலில் காய வையுங்கள். பீங்கான் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஐந்து முதல் ஏழு நாள். செய்தித்தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். உச்சி வெயிலும் ஓவன் சூடும் கூடாது. 40 டிகிரிக்கு மேல் ஈர விதை சூடானால் கரு செத்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. வரமிளகாய் விதை சில சமயம் முளைப்பதும் சில சமயம் ஒன்றுகூட முளைக்காததும் இதனால்தான்: களத்தில் எவ்வளவு சூட்டில் காய்ந்தது, எத்தனை மாதம் மூட்டையில் கிடந்தது என்பது நமக்குத் தெரியாது.

காய்ந்ததற்குச் சோதனை: விதையை மடக்கினால் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும்.

### வைத்திருப்பது: ஈரமும் சூடும்

சான்று விதைக்கு அனுமதிக்கப்பட்ட ஈரம் 8 சதவீதம். காற்றுப் புகாத உறையில் அடைப்பதென்றால் 6 சதவீதம். அடைத்த உறைக்கு ஏன் கூடுதல் கண்டிப்பு? ஈர விதை மூச்சுவிடும். அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றிப் பூசணம் பிடிக்கும். அரைகுறையாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போடுவதைவிடக் காகித உறையில் போடுவது மேல்.

சென்னையில் நவம்பர் மாதம் நிழலில் எத்தனை நாள் உலர்த்தினாலும் விதை 8 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. காற்றில் உள்ள ஈரத்துக்குச் சமமாக வந்து நின்றுவிடும். அப்போது சிலிக்கா ஜெல் வேண்டும். விதையின் எடைக்குச் சம எடை ஜெல்லைத் துணியில் முடிந்து, விதை உறையோடு கண்ணாடிப் பாட்டிலில் ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு விதையை மட்டும் வேறு பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

விதை வல்லுநர்கள் கையாளும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பு. சமையலறை அலமாரியில் இரண்டு மூன்று வருடம் தாங்கும் விதை, நன்றாகக் காய்ந்து குளிர்பதனப் பெட்டியில் இருந்தால் ஐந்து வருடத்தைத் தாண்டும். எடுக்கும்போது கவனம்: பாட்டிலைச் சில்லென்று திறந்தால் காற்றின் ஈரம் விதை மேல் வியர்க்கும். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியபடி இருக்கட்டும். ரகம், மாதம், வருடம் எழுதிய சீட்டைப் பாட்டிலுக்கு உள்ளே போடுங்கள். வெளியே ஒட்டியது உரிந்துவிடும்.

### முளைப்புச் சோதனை, விதை நேர்த்தி

தண்ணீரில் போட்டு மிதப்பதை எறிவது மிளகாய்க்குச் சரிவராது. தட்டையான, லேசான விதை என்பதால் நல்லதும் மிதக்கும். 20 விதையை ஈரக் காகிதத்தில் சுருட்டி, ஜிப் உறையில் போட்டு, 25 முதல் 30 டிகிரி இருக்கும் இடத்தில் வையுங்கள். ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் எண்ணிப் பாருங்கள். 12 முளைத்தால் 60 சதவீதம். சான்று விதைக்கே அதுதான் குறைந்தபட்ச அளவு. ஹபனேரோ, நய் மிரிஸ் வகைக்கு நான்கு வாரம்வரை பொறுக்க வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே எந்த மிளகாயும் அசையாது.

விதையோடு வரும் நோய்களுக்கு:

- தேமல் நச்சுயிரி விதைத்தோலில் ஒட்டி வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் டிரைசோடியம் ஆர்த்தோபாஸ்பேட் கரைத்து 30 நிமிடம் ஊற வைத்து, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும்.
- பாக்டீரியா இலைப்புள்ளிக்குச் சுடுநீர்: 51 முதல் 52 டிகிரியில் 30 நிமிடம். வெப்பமானி இல்லாமல் இறங்க வேண்டாம். பழைய விதை இதில் பிழைக்காமல் போகலாம்.
- நாற்றழுகலுக்கு விதைக்கு முன் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்), கிலோ விதைக்கு 4 கிராம். வீட்டுக்கு ஒரு சிட்டிகை.

இலைச்சுருள் நச்சுயிரியைப் பரப்புவது வெள்ளை ஈ. அதற்கு இந்த நேர்த்திகள் எதுவும் பாதுகாப்பு இல்லை.

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். இந்தியாவில் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், பிரிவு 39, விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் இடம் தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பெயர் அச்சிட்ட பொட்டலமாக விற்பதுதான் கூடாது. 2023-இல் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குக் கிடைத்த புவிசார் குறியீடு, பெயரைப் பயன்படுத்துவது பற்றியது. அந்த விதையை வேறு ஊரில் போடுவதை அது தடுக்கவில்லை, அப்படி விளைந்ததை அந்தப் பெயரில் விற்பதைத்தான் தடுக்கிறது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது தனிக் கதை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் 14 முதல் பயணியின் பையில் இருக்கும் விதைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அம்மா மடித்துக் கொடுத்த பொட்டலத்துக்கும் அதே விதிதான்.

## குளிரில்லாத ஊரில் செடியை நீட்டிப்பது

தமிழ்நாட்டில் செடியை முடக்குவது கோடை. பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கினால் மகரந்தம் மலடாகிப் பூ கொட்டும். உரம் கூட்டிப் பயனில்லை. மே மாதம் நிழல்வலைக்குக் கீழே தண்ணீர் மட்டும் கொடுத்து வைத்திருந்து, வெயில் தணிந்ததும் 30 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்து, மேல் மண்ணில் இரண்டு அங்குலத்தை எடுத்துவிட்டு மண்புழு உரம் போட்டால் ஒரு மாதத்தில் புதுக் கிளையில் பூ வரும். இலை மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்தால் முரணைச் சிலந்தி என்ற மிகச் சிறிய உண்ணி. இவை கவாத்தில் கழியும். இலை சிறுத்து, மஞ்சளோடி, கணு நெருங்கிக் கொத்தாகிவிட்ட செடி நச்சுயிரி பிடித்தது. அதை வெட்டினாலும் துளிர் அப்படியே வரும். பிடுங்கி எரித்துவிடுவதுதான் மற்ற தொட்டிகளுக்கு நல்லது.

## குளிர் நாட்டில் செடியைத் தூங்க வைப்பது

லாபம் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். டொரொன்டோவில் பிப்ரவரியில் விதை போட்டு மே கடைசியில் வெளியே நட்டால் சிவப்புப் பழம் ஆகஸ்ட், செப்டம்பரில். ஹபனேரோ என்றால் பழுப்பதற்குள் குளிர் வந்துவிடும். குளிர்காலம் தாண்டிய செடிக்கு வேரும் தண்டும் தயாராக இருப்பதால் ஜூனில் பூத்து ஜூலையில் காய்க்கும். குறுகிய கோடையில் இந்த ஒன்றரை, இரண்டு மாதம் பெரிது.

10 டிகிரிக்குக் கீழே மிளகாயின் வளர்ச்சி நின்றுபோகும். உறைபனி விழுந்தால் செல்லுக்குள் நீர் உறைந்து கிழிந்து, மறுநாள் இலை வேகவைத்த கீரை போல் தொங்கும். அதனால் இரவு வெப்பம் 10 டிகிரியை நெருங்கும்போதே, டொரொன்டோவில் செப்டம்பர் கடைசியில், லண்டனில் அக்டோபரில், உள்ளே வந்துவிட வேண்டும்.

உள்ளே வைக்க இரண்டு முறை. ஒன்று தூக்கம்: குளிர்ச்சியும் மங்கல் வெளிச்சமும். மற்றது விழிப்பு: சூடும் விளக்கும். கூடத்து ஜன்னலோரம் வைப்பதில் சூடு மட்டும் உண்டு, வெளிச்சம் இல்லை. செடி வெளிறி நீண்டு, அசுவினிக்கு விருந்தாகி, ஜனவரியில் சாகும். பெரும்பாலான தோல்விகள் இந்த இரண்டும்கெட்டான் ஏற்பாட்டில்தான்.

தூக்க முறையின் படிகள்:

1. காய் எல்லாவற்றையும் பறியுங்கள். பிஞ்சையும் விட வேண்டாம்.
2. வெட்டுங்கள். மண்ணிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரம், தண்டு கவையாகப் பிரியும் இடத்துக்கு மேலே ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று கணு மிஞ்ச வேண்டும். கணுவுக்கு ஒரு செ.மீ. மேலே வெட்டு விழட்டும். கத்தரியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள். மிஞ்சிய இலைகளையும் கிள்ளிவிடுங்கள். இலை போனால் நீர் இழப்பும் போகும், பூச்சியின் வீடும் போகும்.
3. மண்ணை மாற்றுங்கள். செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து, பழைய மண்ணை உதறி, வேரில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றிலும் வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். 12 முதல் 15 செ.மீ. அகலத் தொட்டியில் புதுக் கலவை போட்டு நடுங்கள். தோட்டத்து மண்ணோடு உள்ளே வருவது பறக்கும் சின்னக் கறுப்பு ஈக்களின் புழு.
4. கழுவுங்கள். லிட்டருக்கு 5 மி.லி. மென்சோப்புக் கரைசலில் தண்டைக் கணுவின் இடுக்குவரை தேயுங்கள். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. சோப்பு முட்டையைக் கொல்லாது. பொரிந்து வருவதை அடுத்த முறை பிடிக்க வேண்டும்.
5. இடம். 10 முதல் 15 டிகிரி. நிலத்தடி அறையின் ஜன்னலோரம், சூடேற்றாத உள்தாழ்வாரம் பொருந்தும். சூடேற்றாத கராஜ் கனடாவில் ஆகாது. அது பூஜ்யத்துக்குக் கீழே போகும். வெப்பக் காற்று வரும் துளைக்குப் பக்கமும் வேண்டாம்.
6. தண்ணீர். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, இந்த அளவுத் தொட்டிக்கு அரை டம்ளர்.

ஆறாவது படியில்தான் அதிகம் பேர் செடியைக் கொல்கிறார்கள். இலை இல்லாத செடி தண்ணீரை இழுக்காது. ஊற்றியது அப்படியே நிற்க, குளிர்ந்த ஈர மண்ணில் வேர் அழுகும். மேலே குச்சி பச்சையாகத் தெரிவதால் மார்ச் வரை விஷயம் வெளியே வராது. மண்ணைத் தொட்டுப் பார்ப்பதைவிடத் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்: நட்ட அன்று இருந்த கனத்தில் பாதிக்கு மேல் இருந்தால் ஊற்ற வேண்டாம். நடுவில் துளிர் வந்தால் இடம் சூடாக இருக்கிறது என்று பொருள்.

குளிர்ந்த மூலை இல்லாத அடுக்குமாடி வீட்டில் விழிப்பு முறைதான். பாதியாக வெட்டி, எல்இடி வளர்ப்பு விளக்கை 20 முதல் 30 செ.மீ. மேலே தொங்கவிட்டு, நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம். அறை 18 முதல் 22 டிகிரி. காயும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் அசுவினியைத் தின்னும் பொறிவண்டு உள்ளே இல்லை என்பதை மறக்காமல் வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கம் பார்க்க வேண்டும்.

## எழுப்புவது

மார்ச் தொடக்கத்தில் 20 டிகிரிக்கு மேலான, வெளிச்சமான இடத்துக்கு மாற்றி ஒருமுறை நன்றாக நீர் விடுங்கள். துளிர் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம். இலை விரிந்த பிறகுதான் உரம், அதுவும் பாதி அளவில். துளிருக்கு முன் போட்டால் உப்பு மண்ணில் தங்கி வேரைச் சுடும். ஏப்ரலில் பெரிய தொட்டி. டொரொன்டோவில் விக்டோரியா தின வார இறுதிக்குப் பிறகு (மே மூன்றாவது வாரத்தை ஒட்டி வருவது), லண்டனில் மே கடைசியில் வெளியே. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போய்ப் பத்து நாளில் முழு வெயில். நேராக வெயிலில் வைத்தால் இலை வெளுத்து வெந்துவிடும்.

நான்கு வாரம் ஆகியும் துளிர் இல்லையென்றால் நகத்தால் தண்டின் தோலைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது, காத்திருங்கள். பழுப்பு என்றால் ஒரு கணு கீழே வெட்டி மறுபடி பாருங்கள். மண் மட்டம்வரை பழுப்பாக இருந்தால் அது போய்விட்டது. சிக்கல் என்னவென்றால், அது தெரியும்போது ஏப்ரல் ஆகியிருக்கும். விதை போடும் காலம் தாண்டிவிடும். அதனால் நாட்டு ரகமாக இருந்தால், குச்சி பிழைத்ததா என்று பார்க்காமல், பிப்ரவரி நடுவிலேயே நாலு விதையை ஈரக் காகிதத்தில் சுருட்டி வைத்துவிடுங்கள்.